வாராவாரம் ஸ்டார்ட் செய்த எலக்ட்ரிக் கார்

1. பானட்டுக்குள் ஒரு குடை

சென்னையில் ஒரு பங்களா வாசலில் அந்தக் காரை முதன்முதலில் பார்த்த அன்று, என் மெக்கானிக் மூர்த்தி வழக்கப்படி பானட்டைத்தான் முதலில் திறந்தார். உள்ளே இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் கம்பளம் ஒட்டிய ஒரு பள்ளம். அதில் ஒரு மடக்குக் குடை கிடந்தது. மூர்த்தி குடையை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

"எலக்ட்ரிக்னு தெரிஞ்சுதாண்ணே வந்தோம். இருந்தாலும் இப்படி மொட்டையா இருக்கும்னு நெனைக்கல" என்றார்.

கோட்டுச்சேரி மெயின் ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கும் தொழிலில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் நான். ஒரு வண்டியைப் பார்ப்பதற்கு எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. ஆயில் கேஜை உருவி விரலில் தேய்த்துப் பார்ப்போம். சைலன்சர் பக்கம் குனிந்து புகையின் நிறம் பார்ப்போம். ரேஸ் கொடுக்கச் சொல்லிக் காதைச் சாய்த்துக் கேட்போம். இந்தக் காரில் ஆயில் கேஜ் இல்லை, சைலன்சர் இல்லை, சத்தமும் இல்லை. ஸ்டார்ட் செய்து ரெண்டு நிமிஷம் ஆகிறது என்று விற்கிறவர் சொன்னார். நாங்கள் அதுவரை அவர் ஸ்டார்ட் செய்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றோம்.

கார் லூயி பிரகாசத்துக்கு. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்ட வீட்டை எங்கள் பக்கம் சொல்தா வீடு என்பார்கள். லூயிக்கும் பிரான்சில்தான் வேலை. வருஷத்தில் நாலு மாதம் காரைக்காலில் வந்து இருப்பார். ஐம்பது வயது தாண்டியதும் அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை பிடித்துக்கொண்டது. அதுவும் எலக்ட்ரிக்தான் வேண்டும், ரெண்டே சீட்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது என்று என்னிடம் வந்தார். நானும் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தேன்.

வண்டி ஊருக்கு வந்தது. நாலு செகண்டில் நூறைத் தொடும் என்று சொன்னார்கள். கோட்டுச்சேரியிலிருந்து பூவம் போகிற ரோட்டில் நாலு செகண்டுக்கு ஒரு ஸ்பீடு பிரேக்கர், நடுவில் நெல்லு மூட்டை ஏற்றிய டிராக்டர். அதையெல்லாம் தாண்டிக் காலை அழுத்தினால் காரைக்கால் எல்லை முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். ஒரு சார்ஜில் நானூறு கிலோமீட்டர் ஓடும் என்று லூயி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். எங்கள் மாவட்டத்துக்குள் நானூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டுமென்றால் ஒரே ரோட்டில் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதெல்லாம் அடி உரசுகிற சத்தம் கேட்டு அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அந்த வண்டியை உண்மையிலேயே ரசித்தவர் லூயியின் மனைவி சிசிலியாதான். சாயங்காலத்தில் இரண்டு பேரும் பீச் வரைக்கும் போய் வருவார்கள். "பூசை இல்லாத நேரத்துல கோயிலுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குண்ணே" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

2. மெயினை இறக்கிவிட்டுப் போன வீடு

பிரான்சுக்குத் திரும்புகிற குடும்பங்கள் வீட்டைப் பூட்டுவதற்கு எங்கள் ஊரில் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. காஸ் சிலிண்டரை மூடுவார்கள். மெத்தைகளுக்குப் பழைய புடவை போர்த்துவார்கள். ஆளில்லாத வீட்டில் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடக் கூடாது என்று கடைசியாக மெயின் ஸ்விட்சை இறக்குவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சாவியைக் கொடுத்து, வாரத்துக்கு ஒருதரம் காரை ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் விடச் சொல்வார்கள். டீசல் வண்டியைச் சும்மா நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும். இன்ஜின் ஓடினால் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.

லூயி வீட்டுச் சாவி பிலோமினாக்காவிடம் இருந்தது. கருக்களாச்சேரிக்காரர். புருஷன் போனபிறகு பதினைந்து வருஷமாக லூயி வீட்டுத் தோட்டத்து அவுட்ஹவுஸில்தான் இருக்கிறார். அதற்கென்று தனி மீட்டர், ஒரு லைட், ஒரு ஃபேன். அதை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஏற்கெனவே கால் நீட்ட இடமில்லை.

லூயியும் சிசிலியாவும் கிளம்பிய அன்று நானும் அங்கே இருந்தேன். "அக்கா, பழைய வண்டிக்குச் செஞ்ச மாதிரியே இதையும் ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் விட்ருங்க. ஏசியும் போட்டு விடுங்க, இல்லன்னா சீட்டுல பூஞ்சை பிடிச்சிரும்" என்றார் லூயி. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டியும் கொடுத்தார். என் காதிலும் அது நல்ல யோசனையாகத்தான் விழுந்தது. வண்டி வாங்குகிற ஒவ்வொருவரிடமும் நானே சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. பிறகு லூயி உள்ளே போய் மெயினை இறக்கினார். ஷெட் சுவரில் மாட்டியிருந்த சார்ஜரின் பச்சை விளக்கு அணைந்தது. லூயி, நான், பிலோமினாக்கா மூன்று பேரும் அதைப் பார்த்தோம். மூன்று பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

ஞாயிறுதோறும் லூயி அங்கிருந்து போன் செய்வார். "ஸ்டார்ட் பண்ணியாச்சா அக்கா?" என்பார். "ஆச்சு தம்பி" என்று இவர் சொன்னதும் நிம்மதியாகப் போனை வைப்பார்.

இடையில் சிசிலியாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். திரும்ப நடப்பாரா என்று சொல்ல முடியாது என டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்களாம். லூயி எனக்கும் போன் செய்து அழுதார். நல்லவேளையாக, ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து சிசிலியா எழுந்துவிட்டார். நடக்கலாம், ஆனால் குனிந்து தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்வதும் தரையில் பாய் விரித்து உட்கார்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"அவ ஏற முடியாத வண்டி எனக்கெதுக்கு? வித்துருங்கண்ணே" என்றார் லூயி.

3. ஷெட்டில் நின்ற வண்டி

விற்பதற்காக லூயி மட்டும் வந்து சேர்ந்தார். அதற்குள் வண்டி படுத்துவிட்டது. "எந்திரிக்க மாட்டேங்குது தம்பி" என்று பிலோமினாக்கா முன்பே போனில் சொல்லியிருக்கிறார். லைட்டுக்கும் லாக்குக்குமான சின்ன பேட்டரி வீக்காகியிருக்கும் என்று லூயி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எலக்ட்ரிக் வண்டி தெரிந்த தினேஷ் என்ற டெக்னீசியனைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். அதே காலையில் வண்டி பார்க்க ஹாஜா பாயும் வந்துவிட்டார். டவுனில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அதற்கு முன் துபாயில் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்து எலக்ட்ரிக் கார்களை ஓட்டியிருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வாயை அளவாகத் திறந்திருப்பேன்.

தினேஷ் ஷெட்டில் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒயரை மாட்டி லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பாட்டை ஆரம்பித்தேன். "ஷெட் வண்டி பாய். வெயில் படல, மழை படல, உப்புக்காத்துகூடப் படல."

"வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டு அரை மணி நேரம் விட்ட வண்டி. எட்டு மாசமா, சின்ன பேட்டரி வீக்காகுற வரைக்கும் ஒரு வாரம்கூடத் தவறல" என்றார் லூயி.

ஹாஜா பாய் வண்டியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். "இந்த சார்ஜர்ல லைட் எரியலையே?"

"மெயின் ஆஃப்ல இருக்கு பாய். இன்னைக்குக் காலையிலதான் வந்தேன், இன்னும் போடல. நாங்க இல்லாதப்ப எப்பவுமே ஆஃப்தான்."

"அப்ப இத்தனை நாளா இது எதைக் குடிச்சு ஓடிச்சு?" என்றார் ஹாஜா பாய். லூயி முழித்தார். பாய் சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். "டீசல் வண்டி ஓடுனா பேட்டரி ஏறும். இது ஓடுனா இறங்கும். நீங்க வாராவாரம் மறக்காம போன் பண்ணி இறக்க வச்சிருக்கீங்க. மாஷா அல்லாஹ், ஒரு வாரம்கூடத் தவறல."

லூயியின் முகம் சுருங்கிப்போனது. என் முகத்தையும் யாராவது பார்த்திருந்தால் அதே அழகில்தான் இருந்திருக்கும். அத்தோடு முடிந்திருந்தால் ஒரு காபியைக் குடித்துவிட்டு, முட்டாள்தனத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு விலையைப் பேசியிருப்போம். தினேஷ் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"இல்ல சார், கணக்கு இடிக்குது. வாரத்துக்கு அரை மணி நேரம்னா இவ்வளவு அடிமட்டத்துக்குப் போகாது. கொஞ்சமாவது மிச்சம் இருக்கணும். யாரோ ரொம்ப நாள் உள்ள உக்காந்து ஏசி போட்டிருக்காங்க. ஆனா வண்டிய எடுக்கல. கிலோமீட்டர் ஏறவே இல்ல."

பழிபோட ஓர் ஆள் கிடைத்ததும் லூயிக்கு உயிர் வந்தது. காபித் தட்டோடு வாசலில் நின்ற பிலோமினாக்காவிடம் திரும்பினார். "யாருக்கா இதுல வந்து படுத்தது?"

"யாரும் படுக்கல தம்பி."

"மக பிள்ளைங்க லீவுக்கு வந்தாங்களா?"

"அதுங்க கேட்டுக்குள்ளயே வரல."

"அப்ப ஏசி தானா ஓடிச்சா?"

பிலோமினாக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நம்பி சாவியக் குடுத்ததுக்கு நல்ல மரியாதை செஞ்சிட்டீங்க. நான் திரும்பிப் போறதுக்குள்ள வேற இடம் பாத்துக்குங்க" என்றார் லூயி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெயினை இறக்கியவர் அவர், ஸ்டார்ட் செய்யச் சொன்னவர் அவர், பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான். வீடு போவது மட்டும் பிலோமினாக்காவுக்கு. "லூயி, நீங்க சொன்னதைத்தானே அவங்க செஞ்சாங்க" என்றேன்.

"அரை மணி நேரம் என் கணக்குண்ணே. அதுக்கு நான் பொறுப்பு. மிச்சத்துக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார் அவர்.

4. சிசிலியாவின் சீட்

"அக்கா, இருக்குற வீடு போகுது. இப்பவும் வாயத் தொறக்கலன்னா எப்படி?" என்று நான்தான் கொஞ்சம் அதட்டினேன்.

"வேண்டுதலச் சொல்லிக்காட்டக் கூடாதுண்ணே" என்றார் பிலோமினாக்கா. லூயியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"அரை மணி நேரம் வண்டிய ஓட விட்டுட்டு சும்மா எப்படி உக்கார்றது? ஒரு ஜெபமாலை சொன்னா அந்த நேரம் சரியா ஆவும். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்து உள்ள உக்காந்து சொல்லிட்டு அணைச்சிருவேன். அப்புறம் சிசிலியாம்மா நடப்பாங்களான்னு தெரியலன்னு தம்பி போன் பண்ணி அழுதாரு. வேண்டிக்குங்கக்கான்னாரு. அன்னையிலேருந்து தினம் காலையில ஒரு மாலை, சாயங்காலம் ஒரு மாலை சொன்னேன். அவங்க உக்கார்ற சீட்டுலயே உக்காந்து சொன்னா அவங்களுக்கே போய்ச் சேரும்னு தோணிச்சு. எந்திரிச்சு நடந்துட்டாங்கன்னு சேதி வந்த அன்னைக்குத்தான் நிறுத்துனேன்."

தினேஷ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சரிம்மா, அதுக்கு வண்டிய ஏன் ஆன் பண்ணீங்க?"

"ஸ்டார்ட் பண்ணா வண்டிக்கு நல்லதுன்னு தம்பிதானே சொன்னாரு. வாரத்துக்கு ஒருக்காவே நல்லதுன்னா, தினம் ரெண்டு தடவை இன்னும் நல்லதுதானேன்னு நெனச்சேன்."

லூயி அந்தச் சீட்டைப் பார்த்தபடி நின்றார். ஹாஜா பாய்தான் வாயைத் திறந்தார். "லூயி, உங்க வீட்டம்மா இப்ப நடக்குறாங்கல்ல?"

"நடக்குறா பாய்."

"அப்ப சார்ஜ் போக வேண்டிய எடத்துக்குத்தான் போயிருக்கு."

லூயி ஷெட் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். "மன்னிச்சிருங்கக்கா. இடம் பாக்கச் சொன்னத மறந்துருங்க" என்றார்.

"அத விடுங்க தம்பி. அவங்க காதுக்கு இது எதுவும் போவ வேணாம். தன்னால வண்டி போச்சுன்னு சங்கடப்படுவாங்க" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியைச் சூடு பண்ணிக் கொண்டுவர பிலோமினாக்கா உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் ஹாஜா பாய் என்னிடம் திரும்பினார். "குமரேசு, வேண்டுதல், துஆ எல்லாம் வேற, வியாபாரம் வேற. பேட்டரி அடிவாங்கின வண்டிக்கு என்ன விலை சொல்றே?" அவர் கேட்ட விலையை வெளியில் சொன்னால் என் தொழிலுக்கு அவமானம். லூயி மறுபேச்சுப் பேசாமல் சரி என்றார். தினேஷ் பல வாரம் மெனக்கெட்டுப் பேட்டரியைத் தேற்றிக் கொடுத்தார். ஆனாலும் பழைய ஓட்டத்தில் பாதிதான் இப்போது தாங்குகிறது. எங்கள் மாவட்டத்துக்கு அதுவே உபரி என்று ஹாஜா பாய் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எலக்ட்ரிக் வண்டியை விட்டுவிட்டு வெளியூர் போகிறவரிடம் பாதிக்கு மேல் சார்ஜ் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சார்ஜருக்கு வருகிற லைனை அணைக்க விடாதீர்கள். யாரையும் ஸ்டார்ட் செய்யச் சொல்லாதீர்கள். வண்டி கெட்டால் கடைசியாகத் தொட்டவரைப் பிடிக்குமுன், அவரைத் தொடச் சொன்னது யார் என்று விசாரியுங்கள். அது நீங்களாகவே இருக்கலாம்.

வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, யார் யார் ஓட்டினார்கள் என்று எல்லோரையும்போல நானும் கேட்கிறேன். அதோடு, இதில் சும்மா உட்கார்ந்திருந்தவர் யாராவது உண்டா என்றும் கேட்கிறேன். பலபேர் சிரித்துவிட்டு இல்லை என்பார்கள். சிலர் வண்டியை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.