பெர்மாஸ் ஜெயாவுல எனக்கொரு ஸ்டூடியோ

வீடு பார்த்துக் குடுத்த ஏஜெண்டு "ஸ்டூடியோ"ன்னதும், ஐயோ, படம் புடிக்கிற கடையையா காட்டப் போறான்னு பயந்துட்டேன். வந்து பார்த்தா பெர்மாஸ் ஜெயா அடுக்குமாடியில ஒரே ரூம். கட்டிலு, அடுப்பு, சாமி படம் எல்லாம் ஒன்னையொன்னு பாத்துக்கிட்டு நிக்குது. லிஃப்ட் ஓடுற நாள்ல எனக்கு அது சொர்க்கம்.

பொறந்தது சாஆங்கிற ஊருல, தோட்டத்து லயத்து வீட்டுல. அப்புறம் மாமியார் வீடு. வீட்டுக்காரர் தவறினப்புறம் மகன் வீடு. மருமகளைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை. ஆனா ஆசைக்கு ஒரு கருவாடு வறுக்க முடியாது. ஃபேக்டரி கேண்டீன்ல வேலை கெடைச்சதும் பையைத் தூக்கிட்டேன்.

மகனுக்கு வந்துச்சே கோபம்! "நான் இருக்கிறப்ப நீங்க வாடகை ரூம்ல கெடந்தா நாலு பேரு என்னம்மா பேசுவாங்க?" சொந்தக்காரங்க கேட்டா, "அம்மா ஸ்டூடியோவுல இருக்காங்க"ன்னு மழுப்பிடுவான். சாஆவுல இருந்து எங்க அக்கா போன் போட்டு, "இந்த வயசுல படம் புடிக்கிற வேலையாடி?"ன்னு கேட்டா. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகன் காலி அட்டைப்பெட்டிங்களோட வந்து நின்னான். என்னைக் கூட்டிட்டுப் போகத்தான். அவன் பிடிவாதம் புடிச்சா நான் இளகிடுவேன்னு எனக்கே தெரியும். "மொதல்ல சாப்பிடு லா, அப்புறம் சண்டை போடலாம்"னேன்.

நாற்காலி கெடையாது. தரையில உக்காந்து, கருவாட்டுக் குழம்பை ஊத்தி ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டான். "கொஞ்சம் முதுகைச் சாய்ச்சிக்கிறேன்"னு கட்டில்ல இருந்த என் தலகாணிய இழுத்து, காத்தாடிக்குக் கீழ படுத்தவன்தான். தெனம் விடியறதுக்கு முன்னாடியே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடுற உடம்பு. அவன் வீட்டுல மூணு ரூம் இருக்கு, பிள்ளைங்க சத்தத்துல அசந்து தூங்க ஒரு மூலை கெடையாது. நான் தட்டைக்கூட சத்தம் வராமதான் கழுவினேன்.

பொழுது சாயறப்ப அவன் போன் அடிச்சுது. மருமகதான். கண்ணைத் தொறக்காமலே பேசினான்.

"அம்மா வீட்டுல இருக்கேன். தூங்கிட்டேன்."

அப்பா வீடு, மாமியார் வீடு, மகன் வீடுன்னே காலம் போயிடுச்சு. என் வீடுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. என்ன சொன்னோம்னு அவனுக்கே தெரியல. எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. கடவுளே, இந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்.

தேத்தண்ணி கலக்கிக் குடுத்தேன். குடிச்சான். பெட்டிங்களை மடிச்சுக் கக்கத்துல வெச்சிக்கிட்டான். வாசல்ல செருப்பு மாட்டும்போதுதான் வாயைத் தொறந்தான்.

"தலகாணி ஒன்னுதான்மா இருக்கு. அடுத்த சனிக்கிழமை என்னோடதக் கொண்டாறேன்."