கேசட்டுக்கு வந்த விலை

கல்யாணமான முதல் வருஷத்திலேயே செல்லக்கனிக்குத் தெரிந்துவிட்டது, டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டவள் பயத்தோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும் என்று. குருசாமி ஓட்டியது தனியார் பஸ். ராஜபாளையத்தில் எடுத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டி போய்த் திரும்ப வேண்டும். கடைசி நடை முடித்து வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவான். எட்டேகாலுக்கு அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். எட்டரைக்கு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்க ஆரம்பிப்பாள். ஒன்பது மணி ஆகிவிட்டால், கிருஷ்ணன்கோவில் வளைவில் பஸ் கவிழ்ந்து கிடப்பதும், சனம் ஓடிவருவதும், யாரோ ஒருவர் அவள் வீட்டுக்குச் சொல்ல வருவதும் அவள் கண்முன்னே நடந்து முடிந்துவிடும். குருசாமி டீசல் வாடையோடு உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் அழுது ஓய்ந்திருப்பாள். பஸ் பஞ்சர் என்பான் அவன். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அந்தப் பயத்துக்கு மருந்து வந்தது 1987-ல். சிங்கப்பூரில் வேலை பார்த்த குருசாமியின் அண்ணன் ஆண்டிச்சாமி, லீவில் வந்தபோது ஒரு டிவி கேம் கொண்டுவந்து கொடுத்தார். கறுப்புப் பெட்டி ஒன்று, பிடித்து ஆட்டுகிற கைப்பிடி இரண்டு, மேலே செருகுகிற கேசட் நான்கு. தம்பிக்கென்று கொண்டுவந்ததுதான். குருசாமி ஒருநாள் ஆடிப் பார்த்துவிட்டு, பகலெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்த கை, வீட்டிலும் ஒன்றைப் பிடித்துத் திருக வேண்டுமா என்று வைத்துவிட்டான். ஒருநாள் சாயங்காலம் மழையில் பஸ் வர நேரமானபோது, செல்லக்கனி சும்மா எடுத்துச் செருகினாள். கிணற்றுக்குள் ஒருவன் கயிற்றில் இறங்குவான். பக்கச் சுவரிலிருந்து வௌவால்கள் பறந்து வரும். மோதாமல் இறக்க வேண்டும். பத்தாவது முறை அவனை அடிவரை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, குருசாமி பின்னால் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். மணி ஒன்பதரை. அவள் ஒருதடவைகூட வாசலைப் பார்த்திருக்கவில்லை.

அன்றிலிருந்து பஸ் தாமதமானால் அவள் டிவியைப் போட்டுவிடுவாள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாததால் ஆட்டங்களுக்கு அவளே பெயர் வைத்தாள். கிணத்துக்காரன், சிலந்தி, பானை உடைக்கிறவன், நண்டு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி முடித்து ரொம்ப நாளாகியிருந்தது. பகலில் நைட்டி தைப்பாள், பீஸுக்கு இவ்வளவு என்று. ராத்திரிச் சமையலை முடித்துவிட்டுக் கிணத்துக்காரனை இறக்குவாள்.

நாலு ஆட்டம் எத்தனை காலத்துக்கு? குருசாமிதான் தேடத் தொடங்கினான். அவன் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேரை அவனுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். சிங்கப்பூர், துபாய் போய் வந்த ஆட்கள் இருக்கிற வீடுகளில் எல்லாம் கேட்டுவைத்தான். வத்திராயிருப்பில் ஒரு தேங்காய் வியாபாரி, பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்கள் என்று மூன்று கேசட்டைச் சும்மாவே கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீச்சரம்மா, பரண் காலியானால் போதும் என்று ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டார்கள். கியர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவருவான். பூ வாங்கி வருகிற புருஷன்மார்களைப் போல, அவன் கேசட் வாங்கி வந்தான்.

அப்படிச் சேர்ந்து சேர்ந்து பீரோவின் கீழ்த் தட்டு நிறைந்தது. அவள் ஒன்றை மட்டும் தேடிக்கொண்டே இருந்தாள். பெட்டியோடு வந்த விளம்பரத் தாளில் அதன் படம் இருந்தது. ராத்திரி நேரம், நீளமான பாலம், அதன் மேல் விளக்கைப் போட்டுக்கொண்டு போகும் ஒரு வண்டி. பாலம் என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அது யார் வீட்டிலும் கிடைக்கவில்லை.

தொண்ணூற்றேழாம் வருஷ வாக்கில்தான் காரியம் திரும்பியது. டீச்சரம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டில் இன்னும் இரண்டு கேசட் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் குருசாமி போனான். அந்த வீட்டுக்காரர் உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார், பிறகு விலை சொன்னார். மதுரையிலிருந்து முத்துவீரன் என்று ஒரு பழைய சாமான் வியாபாரி வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறானாம். பம்பாயில் இதை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களாம். அவன் சொன்ன விலைக்கு மேல் கொடுத்தால் தருகிறேன் என்றார். ஒரு பட்டுச்சேலை விலை அது. குருசாமி காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

வந்து சொன்னதும் செல்லக்கனிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் படபடப்பு வந்தது. இனிமேல் கிடைக்காது, இருக்கிறதையெல்லாம் மதுரைக்காரன் அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்ற எண்ணம் வந்ததும், அவளுக்குப் பிடிக்காத ஆட்டங்களைக்கூட விட மனசில்லை. நைட்டி தைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கச் சொன்னாள். வாங்கியவற்றில் பலதை ஒருதடவைகூடச் செருகிப் பார்க்கவில்லை. தேய்ந்துவிடுமே. ஒவ்வொரு தடவை செருகும்போதும் அடியிலுள்ள செம்புப் பட்டை கொஞ்சம் உரசுகிறது என்று டிவி ரிப்பேர்க்காரர் சொல்லியிருந்தார். மழைக்காலத்தில் அந்தப் பட்டையில் பச்சை படிகிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, உறையில் போட்டுவைப்பாள். அதிலேயே பொழுது போய்விடும். பஸ் தாமதமானால் இப்போது அவள் ஆடுவதில்லை. பீரோவைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஊருக்குள் பேச்சுப் பரவியது. டிரைவர் வீட்டில் வெளிநாட்டுச் சாமான் இருக்கிறது, ஒவ்வொன்றும் பவுன் விலை போகும் என்று ஒரு வாய்க்கு ஒரு வாய் கூடிக்கொண்டே போனது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி நேராகவே கேட்டாள். செல்லக்கனி இல்லை என்று சொல்லவும் முடியாமல், ஆமாம் என்று சொல்லவும் பயந்து, குடம் நிறைவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தொண்ணூற்றெட்டில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு மத்தியானம் திரும்பினார்கள். புழக்கடைக் கதவின் பூட்டு நெளிந்திருந்தது. கம்பியை விட்டு யாரோ நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். பூட்டு விட்டுக்கொடுக்கவில்லை, உள்ளே எதுவும் களவு போகவில்லை. போகவில்லை என்று தெரிந்தபிறகும் அவள் பீரோவைத் திறந்து மூன்று தடவை எண்ணிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே போவதையே நிறுத்தினாள். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் குருசாமி மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வந்தான். ஆடிப்பூரத் தேருக்குக்கூட அவள் போகவில்லை. அம்மா வீட்டில் உடம்பு சரியில்லாத தங்கையைப் பார்க்கப் போனவள், பஸ் ஸ்டாண்டு வரை போய், பூட்டினோமா என்ற சந்தேகத்தில் திரும்பி வந்தாள். தெருவில் சைக்கிள் நின்றால் ஜன்னலுக்குப் போவாள். முன்பு புருஷனுக்காக எட்டு மணிக்கு மேல்தான் பயந்தாள். இப்போது விடிந்ததிலிருந்தே பயந்தாள்.

குருசாமி அதிகம் பேசுகிறவன் இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எல்லாவற்றையும் மதுரைக்காரனிடம் போட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டான். அவள் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்து போனாள். அவன் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்து மாடியில் காளிராஜ் என்ற இளைஞன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். கிருஷ்ணன்கோவில் என்ஜினியரிங் காலேஜில் படித்தவன். படிக்கிற காலத்தில் குருசாமி பஸ்ஸில்தான் போய் வந்தான். 99-ல் ஒருநாள் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவனிடம் குருசாமி வீட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறான். காளிராஜ் கேட்டுவிட்டு, அக்காவை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றான். அந்தப் பழைய ஆட்டங்கள் அத்தனையும் ஒரே சிடியில் தன்னிடம் இருக்கிறது, கம்ப்யூட்டரையே அந்தக் கறுப்புப் பெட்டியாக நடிக்கவைக்கிற புரோகிராம் ஒன்று வந்திருக்கிறது என்றும் சொன்னான்.

செல்லக்கனி நம்பவில்லை. நம்பாவிட்டாலும், போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு லீவு நாளில், பக்கத்து வீட்டு வெள்ளத்தாயைத் தங்கள் வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டு, குருசாமியோடு புறப்பட்டாள்.

காளிராஜ் அவளைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, சிடியைப் போட்டு, எது வேண்டும் என்று கேட்டான். திரையில் வரிசையாக இங்கிலீஷில் பெயர்கள். அவள் ஆட்டத்தின் பெயரைச் சொல்லத் தெரியாமல், கிணறு, கயிறு, வௌவால் என்று கையால் காட்டினாள். அவன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். நாலாவதோ ஐந்தாவதோ, கிணத்துக்காரன் வந்தான். அதே மஞ்சள் சட்டை, அதே ட்ர்ர் என்ற சத்தம். கைப்பிடிக்குப் பதிலாக அம்புக்குறிப் பட்டன்கள். முதலில் வௌவாலில் மோதினான். கொஞ்ச நேரத்தில் அவளுடைய விரல் பழகிக்கொண்டது.

"அம்புட்டும் இதுலயே இருக்கா தம்பி?"

"உங்ககிட்ட இல்லாததும் இருக்குக்கா. நூத்துக்கணக்குல இருக்கு."

அவள் கையை எடுத்துவிட்டாள். பீரோவில் அடுக்கிவைத்து, துடைத்து, பூட்டுப் போட்டு, கல்யாணம் காட்சிக்குப் போகாமல் காத்துக்கிடந்த அத்தனையும் ஒரு தட்டில், அதுவும் அப்பளம் கனம்கூட இல்லாத தட்டில் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. இது நாலு பேருக்குத் தெரிந்தால் அந்தக் கேசட்டை யார் வாங்குவார்கள்? அவ்வளவு பணமும் போச்சா?

காளிராஜ் ஏதோ பேச வேண்டும் என்று, வீட்டில் கடைசியாக எப்போது ஆடினீர்கள் என்று கேட்டான். அவள் யோசித்துப் பார்த்தாள். பூட்டு நெளிந்ததற்குப் பின்னால் இல்லை. அதற்கு முன்னாலும் ரொம்ப நாளாக இல்லை. குருசாமியைப் பார்த்தாள். அவன் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் அவளே சொன்னாள், மதுரைக்காரரை வரச்சொல்லுங்கள் என்று.

அவர் வருவதற்குள் அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. அவருக்கு அந்த சிடி விஷயம் தெரிந்திருக்குமா? தெரியாவிட்டால் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் விற்றால் ஏமாற்று. சொன்னால் விலை போய்விடும். குருசாமியைக் கேட்டால், உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய் என்றுவிட்டான். அது அவளுக்கு உதவியாக இல்லை.

முத்துவீரன் ஐம்பது வயது ஆள், வெள்ளை வேட்டி சட்டை, கையில் ஒரு பூதக்கண்ணாடி. தரையில் பாய் விரித்து அவள் எல்லாவற்றையும் பரப்பினாள். அவர் முதலில் அட்டைப்பெட்டிகளைத்தான் எடுத்தார். மூலை மடங்கியிருக்கிறதா, நிறம் வெளுத்திருக்கிறதா, உள்ளே தாள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெட்டி இல்லாத கேசட்டுகளை ஒரு ஓரமாகத் தள்ளினார். அதில் கிணத்துக்காரனும் இருந்தான்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. டிவியைப் போட்டு ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்மா," என்றார் அவர். "வாங்குறவங்க யாரும் ஓட்டிப் பாக்க மாட்டாங்க. கண்ணாடி அலமாரியில வைப்பாங்க. ஓடாட்டியும் பரவாயில்ல."

அவள் பாயின் மறுபக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு மறைக்கக்கூடாது. இந்த ஆட்டம் எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துட்டு. ஒரே சிடியில அம்புட்டும் இருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

முத்துவீரன் பூதக்கண்ணாடியை மடியில் வைத்தார். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"தெரியும்மா. அது வந்த பொறவுதான் கேக்குற ஆளு கூடியிருக்கு. கம்ப்யூட்டர்ல ஆடிப் பாக்குறவன், சின்ன வயசுல கையில வச்சிருந்த சாமானே வேணும்னு தேடுறான். வெல இன்னும் ஏறும். நீங்க ரெண்டு வருஷம் வச்சிருந்தாலும் நட்டமில்ல. நான் நேராச் சொல்லிட்டேன்."

குருசாமி சுவரில் சாய்ந்தபடி அவளைப் பார்த்தான். விலை இறங்கும் என்றால் விற்பது சுலபம். விலை போய்விடுமே என்றுதான் அவள் இத்தனை நாள் தவித்திருந்தாள். இப்போது ஏறும் என்கிறார். ஏறினால் பூட்டு இன்னும் பெரிதாக வேண்டும். இரண்டு வருஷம் கழித்து விற்கப் போனால், இன்னும் ஏறும் என்பார்கள். ஏற ஏற அவள் இந்த வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

"ஏறட்டும்," என்றாள். "நீங்க எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. பெட்டியில்லாததையும் சேத்து எடுத்துக்கிடுங்க."

குருசாமி கட்டுவதற்குச் சணல் எடுத்து வந்தான்.

அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள் என்று சொல்ல முடியாது. அவர் கொடுத்த பணம் வீட்டில் இருந்ததே. மறுநாள் பாங்க் திறந்ததும் போய்க் கட்டினாள். கொஞ்ச நாள் கழித்து அதில், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஒன்று வாங்கிப்போட்டாள். ஐப்பசியில் தங்கையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பஸ் தாமதமானால் உள்ளங்கை வேர்ப்பது முன்போலவே இருந்தது. அதற்கு வெள்ளத்தாய் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசப் பழகிக்கொண்டாள்.

வாரத்தில் ஒருநாள் காலை நடையில் புருஷன் பஸ்ஸிலேயே ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவாள். காளிராஜ் சென்டரில் ஒரு மணி நேரம். சுற்றி காலேஜ் பிள்ளைகள் டைப் அடித்துக்கொண்டிருக்க, ஓரத்துக் கம்ப்யூட்டரில் இவள் கிணத்துக்காரனை இறக்கிக்கொண்டிருப்பாள். முதலில் திரும்பிப் பார்த்தவர்கள் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் காளிராஜ் அந்தப் பாலத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவள் கேட்டுத் திரிந்த ஆட்டம். வண்டி பாலத்தில் ஏறியது, போனது, இறங்கியது. மறுபடி அதே பாலம் வந்தது. மூன்று பாலம் ஓட்டினாள். வேறு எதுவுமே வரவில்லை.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

இவ்வளவுதான் என்றான் காளிராஜ். இது மட்டும் இருந்தால் மற்ற எல்லாவற்றையும்விட அதிக விலை தருவேன் என்று மதுரைக்காரர் அன்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. யாரோ ஒருவர் கண்ணாடி அலமாரியில் அதை வைத்திருப்பார். ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி ஆட்டத்தைவிட்டு வெளியே வந்தாள்.

அந்தக் கார்த்திகையில் சிடியில் கீறல் விழுந்து, ஆட்டங்கள் பாதியில் நின்றன. செல்லக்கனிக்கு முகம் வெளுத்துவிட்டது. காளிராஜ் சிரித்தான். இதற்குப் போய்ப் பயப்படுவார்களா, மதுரையில் ஒரு நண்பனிடம் இருக்கிறது, பத்து நிமிஷத்தில் இன்னொன்று காப்பி போட்டுவிடலாம், அடுத்த தடவை மதுரை போகும்போது வாங்கி வருகிறேன் என்றான்.

அவள் கைப்பையைத் திறந்தாள்.

"ரெண்டாப் போட்டு வாங்கிட்டு வா தம்பி," என்றாள்.