குசினி பார்க்கப் போன மட் டயர்

டயர் வாங்க வருகிற யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. புடவைக் கடைக்கும் எங்கள் கடைக்கும் அதுதான் வித்தியாசம்.

கவுண்டரில் நின்று பிழைக்கும் என் சொந்தங்களே, நீங்கள் மருந்து விற்றாலும் செருப்பு விற்றாலும் என் பாடு உங்களுக்கு விளங்கும். நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு டயர் கடையில் நிற்கிறேன். படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடம். மகளை நர்சரியில் தள்ளிவிட்டு ஓடிவந்து மூச்சு வாங்குவதற்குள் பின்னால் சாமான் ஏற்றுகிற ஒரு டபுள் கெப் வண்டி வந்து நிற்கும். உடனே நான் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "வண்டி எங்கே ஓடும்?" அதைக் கேட்காமல் டயரைக் காட்டக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். தார் ரோடும் கொஞ்சம் மண் ரோடும் என்றால் ஏ.டி. டயர். சேறும் சகதியும்தான் என்றால் மட் டயர். அதில் பெரிய பெரிய கட்டைகள், நடுவில் அகலமான வாய்க்கால். ஒட்டின சேற்றை வாரி எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் தார் ரோட்டில் ஊளையிடும், ஆளையும் உலுக்கும். என் வித்தை அவ்வளவுதான். வருகிற பதில்கள்தான் வீட்டுக்குப் போன பிறகும் விடாது.

லேனுக்குள் ஹெலி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி வந்தான். மலை மாதிரி பெரிய கெப். "வண்டி எங்கே ஓடும் தம்பி?" என்றேன். "ஜிம்முக்கு. பிறகு பீச் பக்கம்." அதற்கு ஏ.டி. டயரே அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன். "அக்கா, லுக் வேணும்!" என்றான். டயர் பூட்டுகிற சுனில் அய்யா சிங்களத்தில், வெள்ளவத்தையில், காலி வீதித் தார் ரோட்டில் சேறு எந்தப் பக்கம் என்று கேட்டுச் சிரித்தார். தம்பிக்குக் கோபம். மட் டயர் நாலையும் பூட்டிக்கொண்டு போனான்.

கொஞ்ச நாளில் அவனுடைய அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். தம்பி தரையைப் பார்த்தபடி நின்றான். நாலையும் கழற்றி ஏ.டி. போடச் சொன்னார். கழற்றினவை புதிது மாதிரியே இருந்தன. பக்கத்து ரப்பர் முடிகூட உதிரவில்லை. "சத்தம் அவ்வளவு மோசமா அம்மா? என் மகளுக்கு வாசலில் பஸ் சத்தம் கேட்டாத்தான் தூக்கமே வரும்" என்று சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "இவன் லேனுக்குள்ள வர, பக்கத்து வீட்டு மனுசி சண்டை நேரத்து ஹெலி வருது எண்டு கட்டிலுக்குக் கீழ போவா, நாங்கள் பகிடி பண்ணினம், நேற்று நானும் போயிட்டன்."

சேறு காயுமட்டும்

அந்த நாலு டயரும் பின்னால் சுவரோரம் கிடந்தபோதுதான் கொந்தராத்து ஐயா வந்தார். கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர், வயது அறுபதுக்கு மேல், அவரும் வெள்ளவத்தைதான். பலகையும் சீமெந்தும் ஏற்றி ஏற்றி அடி வாங்கின பழைய பெரிய கெப். வழமையான கேள்வியைக் கேட்டேன். முல்லைத்தீவுப் பக்கம் என்றார். ஆமி பிடித்து வைத்திருந்த அவர்களுடைய காணியைக் கன காலத்துக்குப் பிறகு விட்டிருக்கிறார்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே வீடு கட்டப் போகிறார்களாம்; சமைக்கிற குசினி எங்கே வருவது என்று மனைவிதான் நின்று காட்ட வேண்டுமாம். "நான் ஊருக்கெல்லாம் வீடு கட்டினனான் பிள்ளை. ஆனா அவ சொல்லுறா, எனக்குக் குசினி வைக்கத் தெரியாதாம்."

பெரிய ரோட்டிலிருந்து காணிக்குப் போகிற பாதை முழுக்கக் கறுப்புக் களிமண். மாரி மழை வேறு. அந்தக் களியில் ஏ.டி. டயர் இடியப்ப உரல் அடைத்த மாதிரி அடைத்துக்கொள்ளும். மட் டயர் என்றால் போய்விடும். ஆனால் அதற்கு முன்னால் நாள் முழுக்கத் தார் ரோட்டில் ஓட வேண்டுமே. ஐயாவின் மனைவிக்கு, அந்த அம்மாவுக்கு, புற்றுநோய் முதுகெலும்பு வரைக்கும் போய்விட்டது. சின்னக் குலுக்கலும் ஆகாது. பின் சீட்டில் மெத்தையும் தலையணையும் போட்டிருந்தார். நான் என் புத்திக்கு எட்டினதைச் சொன்னேன்: "கொஞ்சம் பொறுத்து, சேறு காய்ஞ்ச பிறகு ஏ.டி. போட்டுக்கிட்டுப் போங்களேன் ஐயா." அவர் டயர்க் கட்டையை விரலால் தடவிக்கொண்டே நின்றார். "டொக்டர் கோடை வரைக்கும் சொல்லேல்ல பிள்ளை."

யோசித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நடுவில் ஒரு மலைநாட்டுக் கெப்

அதே மழைக்குள் எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் கெப்பில் வந்து இறங்கினார். மலையில் மண் சரிந்திருந்தது. கொட்டாஞ்சேனையில் சேர்த்த பால்மாவும் போர்வையும் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில். மேலே அவருடைய அக்கா வீடு, போன் எடுக்கவில்லை. மட் டயர்தான் வேண்டும் என்று நின்றார். நனைந்த தார் வளைவில் மட் டயர் வழுக்கும், கல்லும் தாரும் கலந்த அந்த ரோட்டுக்கு ஏ.டி.தான் பிடிக்கும் என்று சண்டை பிடித்தே பூட்டி அனுப்பினேன். நான் பிறந்து நடந்த ரோடு, எனக்குத் தெரியாதா?

திரும்பி வந்தபோது சீட்டிலிருந்து இறங்கவில்லை. சுனில் அய்யா ஒரு பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்தார். "டயர் எப்படி அண்ணே?" என்றேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று பட்டது. அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்: "டயரைக் குத்தம் சொல்ல முடியாது தங்கச்சி, கடைசி வரைக்கும் புடிச்சுது, அக்கா வீட்டு ரோடுதான் பாதியில முடிஞ்சிருச்சு."

கண்ணாடியை இறக்கின அம்மா

கொந்தராத்து ஐயா மறுபடி வந்தார், இந்த முறை அம்மாவோடு. "ஏ.டி. போடு பிள்ளை. களியில புதைஞ்சா இறங்கித் தள்ளுவம். அவவுக்கு நோகாமல் போனால் காணும்" என்றார். சுனில் அய்யா ஜாக்கி வைக்கப் போனார். பின் சீட்டில் சாய்ந்திருந்த அம்மா கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். முகத்தில் எலும்பும் சிரிப்பும்தான் மிச்சம். "பிள்ளை, மற்ற டயர் இருக்கோ, அந்த முரட்டு டயர்?" இருக்கிறது என்றேன். "அதைப் போடச் சொல்லும்."

"ஐயா வேணாங்கிறாரும்மா. அது உலுக்கும், உங்களால தாங்க முடியாது" என்றேன். "இவர் என்னைக் கட்டின நாளில இருந்து உலுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்" என்றார். ஐயா அங்கிருந்தே, "என்ன சொல்லுறா?" என்றார். "உங்கட கெப்புக்கு உந்தச் சின்னப் பல்லு டயர் வடிவில்லை! முரட்டு டயரைப் போடுங்கோ. இல்லாட்டி நான் வரேல்ல" என்று அம்மா கொழும்புக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். ஐயா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன், அந்தத் தம்பி நின்ற மாதிரி. கடைசியில், சுவரோரம் கிடந்த வெள்ளவத்தைத் தம்பியின் டயரைத்தான் சுனில் அய்யா உருட்டிக்கொண்டு வந்தார்.

ஐயா தள்ளிப் போனதும், உண்மையாகவே அது வடிவாகவா இருக்கிறது என்று கேட்டேன். அம்மா கண்ணாடியை ஏற்றுவதற்கு முதல் மெதுவாகச் சொன்னார்: "நான் போறது ஒருக்காத்தான் பிள்ளை, இவர் வீடு கட்டி முடியுமட்டும் தனிய போகவேணும், புதைஞ்சு நிண்டா தள்ளுறதுக்கு ஆர் இருக்கினம்?"

டயர் மாற்ற வேண்டாம்

பிறகு ஐயா வந்தபோது பின் சீட்டில் மெத்தை இல்லை. வாய்க்காலெல்லாம் கறுப்புக் களி காய்ந்து கிடந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை; அந்த அண்ணனிடம் கேட்டுப் பட்டது போதும். வீல் எலைன்மெண்ட் பார்க்கும் நேரத்தில் அவராகவே கதைத்தார். போய்ச் சேர்ந்தார்களாம். எங்கேயும் புதையவில்லையாம். அம்மா கைத்தாங்கலாக இறங்கி, கிணற்றுக்குப் பக்கத்தில் போய் நின்று, இதுதான் குசினி, ஜன்னல் இந்தப் பக்கம் என்று காட்டினாராம். அந்த இடத்தில் ஐயா நாலு தடி நட்டிருக்கிறாராம். "நான் வைக்க நினைச்ச இடத்தில வைச்சிருந்தா பின்னேர வெயில் முழுக்க அடுப்புக்குள்ள அடிச்சிருக்கும்" என்று தன்னையே நொந்துகொண்டார். அந்தக் குசினியில் இனி யார் சமைப்பது?

போகிற வழி முழுக்க "நோகுதோ, நோகுதோ" என்று கேட்டுக்கொண்டே கெப்பை ஓட்டினாராம். அம்மா ஒரு தரமும் பதில் சொல்லவில்லையாம். டயர் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை, முன்னுக்குப் பார்த்து ஓடுங்கோ என்று கையைக் காட்டினாராம். பேச்சை மாற்றத்தான், "இனிமே வீட்டுச் சாமான் ஏத்தத்தானே போறீங்க, மழையும் விட்டிருச்சு, ஏ.டி.க்கு மாத்துவோமா ஐயா? சத்தம் குறையும்" என்றேன். அவர் கெப் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். "வேண்டாம் பிள்ளை, சத்தம் இருக்கட்டும், நான் வழி முழுக்க அவவோட கதைச்சுக்கொண்டு போறன், டயர் சத்தத்திலதான் விளங்காமல் இருக்கிறா எண்டு நினைக்கலாம்."

இத்தனை டயர் விற்று நான் படித்தது இவ்வளவுதான்: வண்டி எங்கே ஓடும் என்பதை ஓட்டுகிறவரிடம் கேட்கலாம், எந்த டயர் போடுவது என்பதைப் பின் சீட்டில் இருக்கிறவரிடம்தான் கேட்க வேண்டும்.