குருத்து கழன்ற பனை

டென்மார்க்கின் பிராண்டேயில் நாங்கள் வீடு வாங்கிய வருடம், எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கு முன்னால் ஒரு பனையைக் கண்டேன். வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த நான் அப்படியே இறங்கிவிட்டேன். கூரைத் தாழ்வாரம் வரைக்கும் உயர்ந்து, விசிறி ஓலைகளோடு நின்றது. பிளாஸ்டிக்காக இருக்கும் என்று நினைத்து மெல்லத் தொட்டுப் பார்த்தேன்.

"பயப்படாதே, கடிக்காது" என்று டேனிஷில் ஒரு குரல் கேட்டது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பெண்மணி ஒருவர், கையில் மண்வெட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றார். இது குளிரைத் தாங்கும் சீனப் பனை, பதினைந்து வருடமாக வெளியிலேயே நிற்கிறது என்றார். "குளிர் இதைக் கொல்லாது. ஈரம்தான் கொல்லும். மழைத்தண்ணி குருத்துக்குள்ள இறங்கி உறைஞ்சால் அவ்வளவுதான்."

அடுத்த சனிக்கிழமையே இடுப்பளவு உயரத்தில் ஒன்றை வாங்கி வந்தேன். என் கணவர் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். காரிலிருந்து நான் அதை இறக்குவதைப் பார்த்துவிட்டு, "என்ன இது, பனை வடலியோ? டென்மார்க்கில நுங்கு குடிக்கப் போறீரோ?" என்று கேட்டார்.

"இதில நுங்கு வராது. சும்மா வடிவுக்கு."

"விசர் வேலை" என்றார். ஆனாலும் குழியை அவர்தான் வெட்டினார்.

முதல் மாரிக்குளிர் வந்தபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, வெள்ளைத் துணி சுற்றினேன். அது போதாதென்று, கணவரின் பழைய செம்மஞ்சள் வேலை ஜாக்கெட்டையும் போட்டு, தலைமூடியை இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கடிதம் கொண்டுவருகிற பெண் கதவைத் தட்டினாள். "உங்கள் தோட்டத்தில் ஒருவர் நேற்றிலிருந்து அசையாமல் நிற்கிறார். அவருக்கு ஏதும் உதவி வேண்டுமா?" என்று மிகவும் கவலையாகக் கேட்டாள். கணவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

பங்குனியில் ஜாக்கெட்டைக் கழற்றினேன். ஓலையெல்லாம் பச்சையாக இருந்தது. சந்தோஷத்தில் நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தேன். அது கையோடு கழன்று வந்துவிட்டது. அடிப்பக்கம் கபில நிறத்தில் கூழாகி நாறியது. ஈரம் படாமல் இருக்கட்டும் என்று நான் போட்ட ஜாக்கெட்டே ஈரத்தை உள்ளே அடைத்து வைத்திருக்கிறது. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் எத்தனையோ மரணங்களை அழாமல் பார்த்தவள் நான். அன்றைக்கு ஒரு குருத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் குந்தியிருந்து அழுதேன்.

கணவர் வேலையால் வந்தார். பகிடி ஏதும் விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குருத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொறும், அவவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கடைசி வீட்டுக்கு நடந்தார்.

அந்த அம்மா வந்து குனிந்து, வைத்தியரைப் போல முகர்ந்து பார்த்தார். காயம் கழுவுகிற ஹைட்ரஜன் பெரொக்சைட்டை நடுவில் ஊற்றச் சொன்னார். "பிறகு மழை படாமல் வை. தோண்டி எறிந்துவிடாதே. நடுக்கோடை வரைக்கும் பொறு."

மருந்தை ஊற்றியது கணவர். அது நுரைத்துப் பொங்கியது. நான்கு தடி நட்டு, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை ஆணியடித்துக் கூரை போட்டதும் அவர்தான். காலையில் வேலைக்குப் போகமுன் கோப்பியோடு அதற்குள் எட்டிப் பார்ப்பார். சித்திரை போய் வைகாசியும் போயிற்று. "ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறுவார். எனக்கு மரத்தை விட அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். "இஞ்ச ஓடி வாரும்!" என்று தோட்டத்திலிருந்து கத்தினார். கத்தியோடு ஓடினேன். நடுவில் விரல் நுனியளவு பச்சை. இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த ஓலை விரிந்தபோது கத்தரியால் வெட்டியது போல நுனி இல்லாமல் வந்தது. அதற்கடுத்தது முழுசாக வந்தது.

இப்போது அது கணவரை விட உயரம். மாரியில் கூரை மட்டும்தான், ஜாக்கெட் இல்லை. டோஸ்ட்ருப் நகரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் கணவர் அவர்களை முதலில் தோட்டத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார். "செத்துப்போனது. நான்தான் காப்பாத்தினனான்" என்பார்.

"அது அம்மாவின் பனை" என்று எங்கள் மகள் டேனிஷில் சொல்லுவாள்.

"ஓம், கொம்மாவின்ர பனைதான். ஆனா அதுக்கு நோய் வருத்தம் வந்தால் என்னட்டைத்தானே கேக்கவேணும்."

போன வைகாசியில் ஒருநாள் வேலையால் வந்தவர் காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே குளிரைத் தாங்கும் வாழைக்கன்று ஒன்று சீற் பெல்ட்டுக்குள் சாய்ந்து கிடந்தது.

"பனை தனிய நிக்குது, பாவம்" என்றபடி மண்வெட்டியை எடுக்கப் போனார்.