அம்மணி என்று கூப்பிட்ட குரல்

என் மகளின் வகுப்பில் படிக்கும் பெண்பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாம் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பெரும்பாலும் காலை வணக்கமும் ரோஜாப்பூப் படமும்தான் வரும். போன தை மாதம் அதில் ஒருவர், "அம்மாக்களையெல்லாம் ஊட்டுல விட்டுப்போட்டு நாம மட்டும் பிள்ளைகளைக் கூட்டீட்டுப் போயி ஒரு ராத்திரி டென்ட்டுல தங்கீட்டு வரலாமுங்களா?" என்று எழுதினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சூலூரில் விசைத்தறி ஓட்டுகிறவனுக்குச் சனிக்கிழமையை விடுவது லேசுப்பட்ட காரியமா? ஆனால் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து மகள் அதைப் படித்துவிட்டாள். அப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அண்ணனின் மகளும் அதே வகுப்புத்தான். என் மகளைவிடச் சில மாதம் மூத்தவள். அண்ணன் மாரடைப்பில் திடுதிப்பென்று போய்விட்டான். அண்ணியும் அந்தப் பிள்ளையும் எங்கள் காம்பவுண்டிலேயே அடுத்த வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன் போன நாளிலிருந்து எனக்கு ஒரே பயம், ஊர் வாய். தன் பிள்ளைக்கு ஒன்று, அண்ணன் பிள்ளைக்கு ஒன்று என்று யாரும் பேசிவிடக் கூடாது. கவுன் எடுத்தால் ஒரே மாதிரி இரண்டு எடுப்பேன். அதிலும் முதலில் தேர்ந்தெடுப்பது அண்ணன் மகள்தான். பலகாரம் வாங்கி வந்தால் நேரே அண்ணி வீட்டுக்குப் போய்விட்டுத்தான் என் வீட்டு வாசலை மிதிப்பேன். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன். சுண்ணாம்பு எந்தக் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை.

டென்ட்டுக்கு இரண்டு பேரையும் கூட்டிப் போகிறேன் என்றதும் என் மனைவி தயங்கினாள். "அந்தப் பிள்ளையும் வரட்டுமுங்க, வேண்டாங்கல. ஆனா இவளுக்கும் ஒரு நாளைக்கு அப்பன் கூடத் தனியா இருக்கோணும்னு ஆசை இருக்காதுங்களா?" என்றாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழியைச் சொல்லி அவள் வாயை அடைத்தேன். வாயை அடைக்கப் பழமொழியைப் போல ஒரு சாமான் கிடையாது.

கிளம்புவதற்கு முதல் நாள் மகள் பையில் துணியை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "அங்க வந்து எங்கூடவே இருப்பீங்களாப்பா?"

"பின்ன வேற ஆரு கூட இருக்கப்போறேன் அம்மணி?" என்றேன். போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்தான் சொன்னேன்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தோப்பு. தோப்புக்காரரும் எங்களில் ஓர் அப்பாதான். நாங்கள் போய் இறங்கியதும், நல்ல நிழலாக இருக்கிறதே என்று தென்னை மரங்களுக்கு அடியிலேயே டென்ட்டுகளை விரித்துவிட்டோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஏனுங்க, படிச்சவங்கதானுங்களா நீங்கெல்லாம்? மண்டையில காய் உழுந்தா ஆருங்க பதில் சொல்றது?" எல்லாவற்றையும் பிடுங்கிக் கொப்பரை காயப்போடும் களத்துக்குக் கொண்டுபோனோம். அது சிமென்ட் களம். டென்ட்டு முளை அதில் இறங்கவில்லை. கடைசியில் தேங்காய் மட்டை மூட்டைகளை உருட்டி வந்து அவற்றில் கயிற்றைக் கட்டினோம். பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஓய்ந்து போனார்கள்.

அன்றைக்கு முழுக்க நான் என் வழக்கப்படியே இருந்தேன். காரில் ஜன்னலோரம் அண்ணன் மகளுக்கு. முதல் இளநீர் அவளுக்கு. டென்ட்டுக் கயிற்றை என் மகள் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அண்ணன் மகளின் செருப்பில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். "அப்பா, கை வலிக்குதுங்க" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. "ஒரு நிமிசம் கண்ணு" என்றேன். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நேரம் ஓடியதோ தெரியாது.

வெயில் தாழ்ந்ததும் ஓர் ஆட்டம் வைத்தார்கள். களத்தின் ஒரு பக்கம் அப்பாக்கள் வரிசையாக நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் மகள்கள், அவரவர் அப்பாவின் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு. அண்ணன் மகளுக்கும் என்னுடைய இன்னொரு துண்டைக் கொடுத்திருந்தேன். பெயர் சொல்லக் கூடாது, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட வேண்டும். குரலை வைத்துப் பிள்ளை அப்பாவிடம் வந்து சேர வேண்டும். துண்டை அப்பாதான் அவிழ்த்துவிட வேண்டும்.

விசில் ஊதியதும்தான் எங்கள் மடத்தனம் புரிந்தது. அத்தனை பேரும் "அம்மணி, இங்க வா அம்மணி" என்றுதான் கத்தினோம். இந்தப் பக்கத்தில் மகளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஓரிருவர் "கண்ணு" என்றார்கள். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு சிரித்தார்கள். யாரோ ஒருவரின் வயிற்றைக் கட்டிக்கொண்ட பெண் முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்கப்பா இல்ல" என்று திரும்பிப் போனாள்.

என் மகள் மட்டும் தடுமாறவில்லை. அத்தனை அம்மணிகளுக்கு நடுவில் என்னுடைய அம்மணியைப் பிடித்துக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டியபடி, கோடு போட்ட மாதிரி நேராக வந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் மகள் இரண்டு எட்டு வைத்துவிட்டுக் களத்து நடுவில் நின்றுவிட்டாள். இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்குச் சுரீரென்றது. இந்தப் பிள்ளையைக் கூப்பிட ஆளில்லையே, என் அண்ணன் நிற்க வேண்டிய இடமல்லவா இது என்று தோன்றியது. வரிசையை விட்டு ஓடினேன். "அம்மணி, சித்தப்பா வந்துட்டேன் சாமி" என்று அவளைத் தூக்கிக்கொண்டேன். "இறக்கி உடுங்க சித்தப்பா, இறக்கி உடுங்க" என்று அவள் காலை உதறினாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஓர் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முதுகில் தட்டினார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்திருந்தாள் என் மகள். நான் நின்ற இடத்தில் கைகளால் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். மட்டை மூட்டை கையில் பட்டது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் போவதற்குள் அவளே துண்டை அவிழ்த்துவிட்டாள். மடித்து, "இந்தாங்கப்பா" என்று என் கையில் கொடுத்தாள்.

அழவில்லை, கோபப்படவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள். மறுநாள் திரும்பும்போது ஜன்னலோரத்தை நான் சொல்லாமலேயே விட்டுக்கொடுத்தாள். கோபப்பட்டிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். கோபமே இல்லாத பிள்ளையிடம் எதைப் பிடித்துக்கொண்டு பேச்சை ஆரம்பிப்பது? அதற்கப்புறம் எது வாங்கி வந்தாலும், "அவளுக்குக் குடுத்துட்டு வாங்கப்பா" என்று அவளே சொல்கிறாள். இந்த வயதில் எவ்வளவு பக்குவம் என்று சொந்தக்காரர்கள் மெச்சுகிறார்கள். அவர்கள் மெச்சும்போதெல்லாம் எனக்கு அந்த வெற்றிடத்தைத் துழாவிய கைகள்தான் தெரியும். அவள் பக்குவப்படவில்லை, கேட்பதை நிறுத்திக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும்.

போன வாரம் குழுவில் மறுபடியும் டென்ட் பேச்சு வந்தது. இந்தத் தடவை என் தோளுக்கு மேலே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தறி நிறுத்திய மத்தியானம் ஒன்றில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்குக் களத்துல அப்பா உன்னைய விட்டுப்போட்டு அவகிட்ட ஓடீட்டேன். தப்புத்தான் அம்மணி. அந்தப் பிள்ளை போறதுக்கு இடந்தெரியாம நின்னுச்சு. பாக்கப் பொறுக்கல எனக்கு."

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"இடந்தெரியாம நிக்கலீங்கப்பா. உங்க குரல் அவளுக்குத் தெரியாதுங்களா?"

"பின்ன ஏன் நின்னா?"

"துண்டு கட்டறப்பவே சொல்லீட்டா. நான் நின்னுக்கறேன், நீ போ. இந்த ஒருக்கா உங்கப்பா உனக்கு மட்டும்னு."

இரண்டு பிள்ளைகளும் ஓர் அப்பனைத் தங்களுக்குள் எவ்வளவு நியாயமாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். அண்ணன் மகள் கொடுத்ததையும் என் மகள் வாங்கியதையும் சேர்த்து நான் கெடுத்திருக்கிறேன்.

"இந்தத் தடவை நாம ரெண்டு பேரும் மட்டும் போலாமா அம்மணி?" என்று கேட்டேன். அவ்வளவு கெஞ்சலாக நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

"அவளைக் கேட்டுச் சொல்றேனுங்கப்பா" என்று எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனாள்.