மயக்க ஊசிக்கு முன்னால் வந்த வாந்தி

தொண்ணூற்றாறாம் வருடம், தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. புதுவயலில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு தெருநாய், என் மூன்று வயது மகன் அருளின் கன்னத்தைக் கவ்விக் கிழித்துவிட்டது. கிழிந்த சதைக்குள் பல் தெரிந்தது. அரிசி மில் லாரி ஓட்டும் என் கணவர் கடப்பாரையால் அந்த நாயை அடித்தே கொன்றார். நான் கத்திக்கொண்டே பிள்ளையைத் தூக்கி ஓடினேன்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசி போட்டு, மயக்கம் கொடுத்துத்தான் தைக்க வேண்டும் என்றார்கள். நான் மயக்க டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பிஞ்சு மூளையாச்சே டாக்டர், புத்தி மழுங்கிப் போயிருமா?"

"கொஞ்ச நேர மயக்கத்துக்குப் பயப்படாதீங்கம்மா. மூச்சு தடைபடக் கூடாது, அதான் முக்கியம். எதுவும் குடுத்துராதீங்க, வயிறு காலியா இருக்கணும்" என்றார் மயக்க டாக்டர்.

ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டி அழுதேன். "ஆண்டவரே, தழும்பு இருந்தாலும் பரவாயில்லை. இவன் புத்தியை மட்டும் எடுத்துவிடாதேயும்!"

மேசையில் கிடத்திய பிறகும், பிள்ளைக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். "பச்சத்தண்ணிகூட குடுக்கல" என்று கூட வந்திருந்த என் நாத்தனார் அடித்துச் சொன்னாள். ஊசியை எடுத்தார். அந்த நொடியில் அருள் குபுக்கென்று வாந்தி எடுத்தான். பாலும் ரொட்டியும்!

"அது சாப்பாடா ஆத்தா? அந்தோணியார் கோயில்ல மந்திரிச்ச ரொட்டில்ல! பால்ல நனைச்சு ஊட்டுனேன்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கொண்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

இனி பல மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"புள்ள துடிக்குது, நேரமா பாக்குற?" என்று என் கணவர் அவர் முகத்தில் ஓங்கிக் குத்தினார். கண்ணாடி நொறுங்கியது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

டாக்டர் வாயைத் துடைத்துக்கொண்டார். "மயங்குனதுக்கு அப்புறம் இந்த வாந்தி வந்திருந்தா, மூச்சுக்குழல அடைச்சிருக்கும். மூளைக்குக் காத்து போகாது. புள்ள பொழைச்சாலும் உங்கள அடையாளம் தெரிஞ்சிருக்காது."

என் கணவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். நான் கேட்டதைத்தானே கர்த்தர் அந்த வாந்தியில் கொடுத்திருக்கிறார்!

சாயங்காலம், அடிவாங்கிய அதே டாக்டர்தான் வீங்கிய உதட்டோடு மயக்கம் கொடுத்தார். தையல் முடிந்து பிள்ளை கண் விழிக்கும்வரை எனக்கு உயிரில்லை. அருள் மெல்லத் திரும்பித் தகப்பனைப் பார்த்தான்.

"அப்பா, டாக்டர அடிக்காத."

அவனுக்கு எல்லாம் நினைவிருந்தது! என் கணவர் டாக்டர் காலில் விழுந்து கதறினார். அன்றிலிருந்து அவர் யார்மேலும் கை ஓங்கியதில்லை.

அன்பானவர்களே, கண்ணீரோடு கேளுங்கள், அவர் கைவிடமாட்டார். டாக்டர் கேட்டால் மட்டும், மந்திரித்த ரொட்டியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.