காணாமல் போனவருக்கு ஒரு மெழுகுதிரி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கும் செவன் ஹில்ஸில், எங்கள் பக்கத்து வீட்டுக் கிரேக்க அன்ரிதான் இதைத் தொடக்கி வைத்தவர். தங்கள் தீவில் ஒரு புனிதர் இருக்கிறார், தொலைந்தது எதுவானாலும் காட்டிக் கொடுப்பார், தன் காப்பைக்கூட அவர்தான் சோபாவுக்கு அடியில் காட்டினார் என்று வேலிக்கு மேலால் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். நான் அவரைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் 'காணாமல் போனவர்' என்பது கிட்டத்தட்ட அவருடைய பெயர். வேறு எந்தச் சொல்லுக்கும் அனுமதியில்லை. அப்பா ஒரு தடவை திவசம் என்று வாயெடுத்ததற்குக் குசினியிலிருந்து கோப்பை பறந்து வந்தது. நல்லவேளை, பிளாஸ்டிக்.

லண்டனில் ஒரு கல்யாணம் வந்தது. போகும் வழியில் அந்தத் தீவுக்கும் போகவேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். "எங்கட ஊர் நல்லூரானுக்கே கேக்காதது இவருக்குக் கேக்கப் போகுதோ?" என்று அப்பா முனகினார். ஆனாலும் டிக்கெட் போட்டார்.

தீவில் கோயில்களுக்குக் குறைவில்லை. பஸ் மலை ஏற ஏற, வெள்ளையடித்தது ஒன்று, கருங்கல்லில் ஒன்று என்று வந்துகொண்டே இருந்தன. இறங்கிய ஒவ்வொன்றின் வாசலிலும் அம்மா செருப்பைக் கழற்றினார், எங்களையும் கழற்ற வைத்தார். சப்பாத்தோடு உள்ளே போன சனம் எங்கள் செருப்புகளைச் சுற்றிக்கொண்டு போனது. எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. ஒரு பழைய மடத்தின் சுவரில், தகட்டில் அடித்த கண், கால், குழந்தை எல்லாம் தொங்கின. "பாத்தியே, எங்கட நேர்த்தி மாதிரியே!" என்று அம்மா முகம் மலர்ந்தார். அத்தனை சந்தோஷமாய் நான் அவரைப் பார்த்ததில்லை.

கடைசியாக அந்தப் புனிதரின் மடம். உள்ளே இருட்டும் சாம்பிராணி மணமும். மெழுகுதிரி விற்ற வயதான கன்னியாஸ்திரிக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்திருந்தது. அம்மாவின் இங்கிலீஷ் எங்கள் பக்கத்துப் பிளாக்டவுன் கடைகளுக்குப் போதும். அன்றைக்கு அது கைகொடுக்கவில்லை.

"தம்பி காணாமல் போட்டான் எண்டு சொல்லு, பிள்ளை."

நான் சொன்னேன்: "ஷீ லொஸ்ட் ஹெர் பிரதர்."

கன்னியாஸ்திரியின் முகம் இளகிவிட்டது. வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். திரியை வாங்கி ஏற்றி, அங்கிருந்த இரண்டு மணல் தட்டுகளில் இடப்பக்கத்துத் தட்டில் தானே ஊன்றினார். அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்மூடிக் கும்பிட்டார். "எங்க இருந்தாலும் ஆளைக் காட்டித் தா, அப்பனே" என்று வாய்விட்டு அழுதார்.

தட்டுகளுக்கு மேலே சின்னப் பலகைகள் இருந்தன. கிரேக்க எழுத்துக்குக் கீழே இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. வலப்பக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கு. இடப்பக்கம் இறந்தவர்களுக்கு. நான் சொன்ன 'லொஸ்ட்'டைக் கன்னியாஸ்திரி செத்துப்போனது என்று எடுத்துவிட்டார்.

"அப்பா, பிழையான தட்டு" என்று நான் தொடங்க, அப்பாவின் கை என் தோளை இறுக்கியது. அவரும் வாசித்துவிட்டிருந்தார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "இஞ்சருங்கோ, இதில வைச்சது சரிதானே?"

"ஓம், சரி" என்றார் அப்பா.

அம்மா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். இனிச் சேதி வந்துவிடும் என்ற நடை அது. இன்றைக்கும் போன் அடித்தால் அவர்தான் முதலில் ஓடுகிறார்.

அப்பா வரவில்லை. கூப்பிடப் போனேன். அந்தத் தட்டுக்கு முன்னால் குனிந்து நின்றார், திரி அடிவரை எரிந்து முடியுமட்டும் நின்றார். கன்னியாஸ்திரிக்குப் பயந்து, ஒரு திரியை மாற்றி ஊன்றக்கூடத் துணிவில்லாத மனுஷன் என்று எனக்கு ஆத்திரமாய் வந்தது. மாமாவும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த கூட்டாளிகள். வீட்டில் அழ இடமில்லாத மனுஷன் அங்கே நின்று அழுகிறார் என்று விளங்கும் வயது அன்றைக்கு எனக்கில்லை.